"இதே மாதிரி வேற இருக்கா சார்?"

கிளை நூலகம் ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் ஒரு நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. நூலகத்தில் பதினெட்டாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. வெளியே போய்வருவது போட்டித் தேர்வு நூல்களும் அண்மையில் வந்த சில நூறு புத்தகங்களும்தான். பழைய நாவல்களும் சிறுகதைகளும் ரேக்கில் தூசு படிந்து கிடக்கின்றன. வாசகர்கள் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "இதே மாதிரி வேற இருக்கா சார்?" என்று கேட்டால் இவருக்குக் கை ஓடவில்லை. கணினியில் இதற்கு வழி உண்டா? அப்புறம், கழிக்க வேண்டிய நூல்களுக்குப் பட்டியல் கேட்கிறார்கள். ஓடாத பழசையெல்லாம் அதில் சேர்த்துவிடலாமா?

இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கணினியை அப்புறம் பார்க்கலாம். முதலில் எழுந்து போய், ரேக்கிலிருந்து பழைய நாவல்கள் பத்தை எடுத்து வாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டை மட்டும் பாருங்கள். ஒரு புத்தகத்தின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கும். 1985இல் தொடங்கி மாதம் ஒரு முத்திரை, சில மாதம் இரண்டு, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது ஒரு வருடத்தில் சட்டென்று நின்றிருக்கும். பத்தில் ஆறேழு புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே வருடத்தில் நின்றிருந்தால், மக்களின் ரசனை மாறிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். பெரும்பாலும் அந்த வருடம் புது ரேக் வந்திருக்கும், இவற்றைத் தூக்கிக் கீழ்த்தட்டில் போட்டிருப்பார்கள். குனிந்து புத்தகம் பார்க்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு அது ஒத்துழைப்பதில்லை.

நான் அப்படிப் பார்த்த சீட்டுகளில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. ரகுநாதனின் பஞ்சும் பசியும், நெசவாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல், 1953இல் வந்தது. எங்கள் பிரதியில் பதினொரு வருடம் ஒரு முத்திரைகூட இல்லை. அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் நான்கு முத்திரை. அந்த நான்கு முத்திரைக்கும் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் முத்திரையை நான்தான் குத்தினேன். ஒரு பெரியவர், தறி ஓட்டி ஓய்ந்தவர், எம். வி. வெங்கட்ராமின் வேள்வித்தீயைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அட்டையைப் பார்த்துக் கையில் கிடைத்ததை எடுத்துப் போனவர்தான். அது கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம் ஒன்றின் கதை.

"எப்படி ஐயா இருந்தது?"

"இதுல தறிச் சத்தம் கேக்குது சார். எழுதுனவரு தறியில உக்காந்திருப்பாரோ?"

அந்த ஒரு வாக்கியம் போதும். உள்ளே போய் பஞ்சும் பசியும் எடுத்துவந்து கொடுத்தேன். நான்காம் நாள் கொண்டுவந்தார். அதே வாரத்தில் அவர் தெருவிலிருந்து இன்னொருவர் வந்து, பெயர் தெரியாமல், "அந்தத் தறிக்காரங்க புத்தகம்" என்று கேட்டு வாங்கிப் போனார். மீதி இரண்டு முத்திரையும் அப்படி வந்தவைதான்.

பழைய புத்தகம் என்பதால் யாரும் அதை வெறுப்பதில்லை. அதைக் கையில் எடுக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் பெரும்பாலும் அவர் இப்போதுதான் படித்து முடித்த புத்தகத்தில் இருக்கிறது. நம் வேலை அந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது. இது தெரியாமல் நானும் ஆரம்பத்தில் ஒரு காரியம் செய்தேன். "தமிழர் அவசியம் படிக்க வேண்டிய 50 நூல்கள்" என்று எழுதிப் போட்டு, நுழைவாயிலில் மேசை போட்டு, துணி விரித்து அடுக்கினேன். ஒரு மாதத்தில் இரண்டு போனது. அதில் ஒன்றை எடுத்தவர் என் மாமா. 'அவசியம்' என்று சொன்னதும் ஆளுக்குப் பள்ளிக்கூட நினைப்பு வந்துவிடுகிறது.

சரி, "இதே மாதிரி" என்றால் என்ன? இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கேள்வி அதிகம் வருவது அதைப் படித்தவர்களிடமிருந்துதான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை, என்றைக்கும் தூங்கியதில்லை. 2022 செப்டம்பர் கடைசியில் படம் வந்த பிறகு ஐந்து பாகமும் ஒன்றாக ரேக்கில் இருந்த நாளை நான் பார்க்கவில்லை. ஐந்தாம் பாகத்தைத் திருப்பும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. நாமும் யோசிக்காமல் சரித்திர நாவல் வரிசையைக் காட்டிவிடுகிறோம். பாதிப் பேருக்கு அது பொருந்தும், பாதிப் பேருக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் சியாட்டில் நகர நூலகத்தில் இருந்த நான்சி பேர்ல் என்ற நூலகர் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார். ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்: கதை, பாத்திரம், களம், மொழி. யார் எந்த வாசல் வழியாக நுழைந்தார் என்று தெரிந்தால் அடுத்த புத்தகம் தெரிந்துவிடும். நம் ஊர்ச் சரக்குக்கும் இது அப்படியே பொருந்துகிறது. வந்தியத்தேவனோடு குதிரையில் ஓடியவருக்கு ஓட்டம் வேண்டும். அவருக்குச் சாண்டில்யனின் கடல் புறா, யவன ராணி. சோழ நாட்டை விட்டு வெளியே வர மனமில்லாதவருக்கு அகிலனின் வேங்கையின் மைந்தன். ராஜேந்திரன் காலத்துக் கதை, 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது, ஆனாலும் இன்று நூலகங்களில் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. பெரிய கோயில் கட்டப்பட்ட கதை வேண்டுமென்றால் பாலகுமாரனின் உடையார். "ஆதித்த கரிகாலனை யார்தான் சார் கொன்னது?" என்று கேட்கிறவர் வேறு ஆள். அவருக்கு இன்னொரு நாவலைக் கொடுத்தால் ஏமாந்துபோவார். சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தைக் கொடுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில், கொலையாளிகளின் உறவினர் நிலங்களை ராஜராஜன் காலத்தில் பறிமுதல் செய்த செய்தி இருக்கிறது என்பது தெரிந்ததும் அவர் முகம் மாறுவதைப் பாருங்கள். நாவல் படிக்க வந்த ஒரு கல்லூரிப் பையன் அந்த வழியில் போய், கல்வெட்டு இருக்கும் ஊருக்கே பஸ் ஏறினான்.

கடைசி ஆள்தான் கஷ்டம். அவருக்கு ராஜாவும் வேண்டாம், வாளும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் கல்கி பேசுகிற பேச்சு பிடித்திருக்கும். அவர் வந்தது மொழி வாசல் வழியாக. அவருக்கு அலை ஓசையைக் கொடுக்கலாம். அதில் ஒரு சோழனும் இல்லை, சுதந்திரப் போராட்டக் காலத்துக் கதை. ஆசிரியர் இறந்த பிறகு, 1956இல், அகாதெமி பரிசு கிடைத்தது அதற்குத்தான்.

எந்த வாசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "என்ன பிடித்தது?" என்று நேராகக் கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள், பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கும். "எந்த இடத்துல கீழ வைக்க முடியல?" என்று கேளுங்கள். "யாரு மனசுல நின்னாங்க?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தரும் கேள்வி ஒன்று உண்டு: "எதைப் பாதியில விட்டீங்க?" பிடித்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கூடப் பிடிக்காததைக் கால் மணி நேரம் பேசுவார். அதில் எல்லாம் வந்துவிடும்.

இன்னொன்று, ஒரே தாவலில் எண்பது வருடம் பின்னால் போகக் கூடாது. ராஜேஷ்குமார் மட்டுமே படிக்கிற ஒருவர் கையில் வடுவூர் துரைசாமி ஐயங்காரைத் திணித்தால் மறுநாள் காலையே திரும்பி வரும். மாடிப்படி இறங்குவதுபோல் இறங்க வேண்டும். முதலில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதை ஒன்று. அது பிடித்தால் தமிழ்வாணனின் சங்கர்லால். அப்புறம் தேவனின் துப்பறியும் சாம்பு, அதில் துப்பறிவதே ஒரு தமாஷ். அதற்குள் அவருக்கே "இதுக்கு முன்னாடி யாரு எழுதுனாங்க?" என்ற ஆசை வந்துவிடும். அப்போது வடுவூராரின் திகம்பர சாமியாரை எடுத்து நீட்டலாம். எல்லோரும் கடைசிப் படிக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு படி இறங்கினாலே லாபம்தான்.

படம் வந்தால் சும்மா விடாதீர்கள். 2019இல் அசுரன் வந்தபோது பூமணியின் வெக்கையைக் கேட்டு வந்தார்கள். 1982இல் வந்த நாவல், படத்தைவிட அமைதியானது. கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிற பையனின் சில நாட்கள்தான் கதை. சண்டைக்காக வந்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், அது வேறு. ஆனால் "அந்தக் காடு, அந்த மண்ணு" என்று சொன்னவர்களுக்குக் கரிசல் வாசல் திறந்துவிட்டது. அதே பூமணியின் பிறகு, கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம், கு. அழகிரிசாமியின் கதைகள் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். படம் ஓடுகிற மூன்று வாரம்தான் நமக்கு நேரம். அதற்குள் நான்கைந்து புத்தகங்களை ஒரு நூலில் கட்டியதுபோல் மேசையில் வைத்துவிட வேண்டும்.

இதையெல்லாம், பொருள்வாரியாக அடுக்கப் புத்தக முதுகில் போடுகிற பகுப்பு எண் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். விவசாயம், சமையல், மருத்துவம் என்றால் பார்த்துக்கொள்ளும். தென்னை வளர்ப்புப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தென்னைப் புத்தகம்தான் நிற்கும். கதைப் புத்தகத்துக்கு அது உதவாது. டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, அதோடு 3 சேர்த்தால் புனைகதை. உங்களிடம் இருக்கும் இரண்டாயிரம் நாவலுக்கும் அந்த ஒரே எண்தான். அதற்குள் ஆசிரியர் பெயரின் அகர வரிசை. யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது பெயர் வைத்த பெற்றோரின் புண்ணியம்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் இதற்கு வேறு வழி வைத்திருந்தார். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பில் இலக்கிய ஆசிரியருக்கு அடையாளம் அவர் பிறந்த வருடம். நூற்றாண்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து, 1900களுக்கு 'என்'. அசோகமித்திரனும் சுந்தர ராமசாமியும் 1931இல் பிறந்தவர்கள், ஆக இருவருக்கும் என் 31. ஒருவரைத் தேடிப் போனால் இன்னொருவர் பக்கத்திலேயே நிற்பார். அவர்களுக்கு இடப்பக்கம் போகப் போக மூத்தவர்கள், வலப்பக்கம் இளையவர்கள். ஒரு தலைமுறையே பந்தியில் உட்கார்ந்த மாதிரி. உங்கள் நூலகத்தை மாற்றி அடுக்கச் சொல்லவில்லை, அது ஆகிற காரியமும் இல்லை. அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரே ஒரு தட்டைக் காலி செய்து, வயது வரிசையில் முப்பது எழுத்தாளர்களை, ஆளுக்கு ஒரு புத்தகம் வீதம் நிறுத்தினேன். மேலே வருடத்தை மட்டும் எழுதி ஒட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பிறந்த வருடத்தைத் தேடிப் பார்த்தார்கள். நான் நினைக்காத வழியில் ஓடியது.

இப்போது கணினி. நீங்கள் நினைப்பதுபோல் "இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்" என்று அதுவாகச் சொல்ல வேண்டுமானால் இரவல் கணக்கு லட்சக்கணக்கில் வேண்டும். ஒரு கிளை நூலகத்துக் கணக்கு அதற்குக் காணாது. தவிர, யார் எதை எடுத்தார் என்ற விவரத்தை வருடக்கணக்கில் சேர்த்துவைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகம் திரும்பி வந்துவிட்டால் ஆள் பெயரோடு நமக்கு என்ன வேலை? தேதி போதும்.

கணினியில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அது அலுப்பான வேலை, ஆனால் அதில்தான் பலன். உங்கள் பட்டியலில் ஜானகிராமன் என்று தேடுங்கள். அப்புறம் தி. ஜானகிராமன், தி.ஜா., ஜானகி ராமன் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நான்கு விடை வந்தால் உங்கள் நூலகத்தில் நான்கு ஜானகிராமன்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வாசகருக்கு அவர்களில் ஒருவர்தான் தெரிவார், மற்ற மூவரின் புத்தகமும் இல்லாததற்குச் சமம். புனைபெயரும் இப்படித்தான்: புதுமைப்பித்தன் ஓரிடத்தில், சொ. விருத்தாசலம் இன்னோரிடத்தில். பழைய பதிவுகளை யூனிகோடு வருவதற்கு முன்பு இருந்த எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும், தேடலில் சிக்கவே சிக்காது. இவற்றைச் சரிசெய்தாலே சில நூறு பழைய புத்தகங்கள் உயிர் பெறும்.

அடுத்தது, கதைப் புத்தகங்களுக்குப் பொருள் சொற்கள் சேர்ப்பது. நாவல் என்றால் 'தமிழ் நாவல்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நம் பழக்கம். ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகளுக்கு 'உப்பளம்', 'தூத்துக்குடி', 'பெண் தொழிலாளர்' என்று மூன்று சொல் போடுங்கள். மோகமுள்ளுக்கு 'கும்பகோணம்', 'கர்நாடக இசை'. அப்போது 'இசை' என்று தேடுகிறவருக்கு மோகமுள்ளோடு தில்லானா மோகனாம்பாளும் வந்து நிற்கும். கோகா போன்ற இலவச நூலக மென்பொருள் வைத்திருந்தால், ஒவ்வொரு புத்தகப் பதிவிலும் பொருளுக்கு 650, இடப்பெயருக்கு 651, வகைக்கு 655 என்ற புலங்கள் இதற்காகவே இருக்கின்றன. அதிலேயே உங்கள் சொந்தப் பட்டியல்களையும் போட்டு வாசகர் பார்க்கும்படி வைக்கலாம். ஒரு நாளைக்குப் பத்துப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்தையும் முடிக்க வேண்டியதில்லை. நீங்கள் படித்தவை, வாசகர் சொல்லக் கேட்டவை, இவை மட்டும் போதும். படிக்காத புத்தகத்துக்கு அட்டையைப் பார்த்துப் பொருள் சொல் போடுவது மோசடி. நானும் செய்திருக்கிறேன், மாட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

புத்தகத்தின் உடம்பையும் கவனிக்க வேண்டும். முதுகில் பெயர் அழிந்திருந்தால் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பெயர் தெரியாத புத்தகத்தை யாரும் உருவிப் பார்ப்பதில்லை. நம் இளம் வாசகர்களுக்கு இருக்கும் ஒரு தடையை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. ஒரு பெண், பத்தாம் வகுப்பு படிப்பவள், 1960களில் அச்சான சிறுகதைத் தொகுப்பு ஒன்றை இரண்டே நாளில் திருப்பித் தந்தாள். பிடிக்கவில்லையா என்றதற்கு, "எழுத்து தப்புத் தப்பா இருக்கு சார்" என்றாள். தப்பு இல்லை, அது பழைய லை, ணை, றா. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'லை'க்கு முன்னால் யானைத் தும்பிக்கைபோல் ஒரு வளைவு இருக்கும், 'றா'வின் கால் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். மொத்தம் மாறியது 13 எழுத்து. அந்தப் பதின்மூன்றையும் பழையது, புதியது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி நகல் எடுத்து, அந்தக் காலப் புத்தகங்களின் முன்னட்டைக்குள் ஒட்டிவிட்டேன். அட்டையோடு அதே தொகுப்பை அவள் மறுபடி எடுத்துப் போனாள். ஒரு வாரம் கழித்துத் தன் நோட்டில் பெயரைப் பழைய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள்.

தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கும் புத்தகத்தை இரவல் கொடுக்காதீர்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலோ பெரும்பாலும் கிடைத்துவிடும். வாசகரின் போனிலேயே எடுத்துக் காட்டிவிடலாம். இரவல் கணக்கில் ஒரு எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

இவ்வளவும் எங்கே தொடங்குவது என்றால், புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசையில். வாசகர்கள் ரேக்கைவிட அதிகம் பார்ப்பது அப்போதுதான் திரும்பி வந்த புத்தகக் குவியலை. யாரோ படித்த புத்தகம் என்றால் ஒரு நம்பிக்கை. அந்தக் குவியலில் தினமும் ஐந்து பழைய புத்தகங்களைச் சொருகி வைத்தேன், எதுவும் எழுதி ஒட்டாமல், சும்மா. ஐம்பது நூல் மேசை ஒரு மாதத்தில் செய்யாததை அது ஒரு வாரத்தில் செய்தது. கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

கழிவுப் பட்டியலைப் பற்றிக் கேட்டீர்களே. பழைய கணினிப் புத்தகம், சட்டம் மாறிப்போன சட்டப் புத்தகம், பழைய பாடத்திட்டத்துத் தேர்வு வழிகாட்டி, இவற்றைத் தாராளமாகக் கழியுங்கள், அவை இடத்தை அடைப்பதோடு ஆளையும் தவறாக வழிநடத்தும். கதையும் கவிதையும் வேறு கணக்கு. பட்டியலில் ஏறுவதற்கு முன்பு ஒவ்வொன்றும் இரண்டு மாதம் அந்தத் திருப்பும் மேசையில் கிடக்கட்டும். அப்படிச் செய்யாமல் நான் ஒருமுறை தேதிச் சீட்டை மட்டும் பார்த்து நாற்பது புத்தகங்களைப் பட்டியலில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அதில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிய, மறுபதிப்பே காணாத ஒரு கதைத் தொகுப்பும் இருந்தது. மூன்றாம் மாதம் அவருடைய பேத்தி வந்து, தாத்தா புத்தகம் இங்கே ஒன்று இருக்கிறதாமே, வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை, பார்க்கலாமா என்று கேட்டாள். சேர்க்கைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் 'நீக்கப்பட்டது' என்று இருந்தது. அவளுக்கு அதைத்தான் காட்ட முடிந்தது.